மேலாள்

அவள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மழை விட்டிருந்தது. விட்டால் என்ன? மேட்டில் பெய்த மழை பள்ளத்துக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகும். மேட்டுக்காரர்கள் குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், இன்னும் சொல்லக் கூசுகிற தண்ணீர் எல்லாமே இந்தப் பழைய தெருக்களுக்கு அடியில் கூடித்தான் ஊரை விட்டுப் போக வேண்டும். குழாய் பதித்த காலத்தில் ஊர் சின்னது. ஊர் பெருத்துவிட்டது, குழாய் பெருக்கவில்லை. மேட்டில் ஒருவன் தும்மினால் பள்ளத்தில் இருப்பவனுக்குச் சளி பிடிக்கும் என்று பள்ளத்து ஜனங்கள் தங்களுக்குள்ளேயே சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். சிரிக்காமல் வேறு என்ன செய்வது?

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நடந்தாள். தையல் கம்பெனியில் காலை ஷிப்ட் முழுக்கக் காலர் தைத்ததில் கழுத்து விண்ணென்று தெறித்தது. தெருக்கோடியில் இருக்கும் கடைசி வீடு அவளுடையது, பள்ளத்திலும் பள்ளம். வாசலில் அடுக்கிய மணல் மூட்டைகளைத் தாண்டிக் கதவைத் திறந்தாள். அழுகிய முட்டையும் காயாத துணியும் கலந்தாற்போல ஒரு வாடை முகத்தில் அடித்தது.

உள்ளே மங்கல் வெளிச்சம். கரண்ட் இல்லை. குளியலறையின் தரையில் தண்ணீர் போகிற ஜாலி வழியாகக் கறுப்புத் தண்ணீர் எதுக்களித்து, கூடம் வரைக்கும் வந்து வடிந்த தடம் தெரிந்தது. பாப்பா கட்டில் மேல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டம்மா பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்து விட்டுப் போயிருந்தாள். குழந்தையின் முழங்காலுக்குக் கீழே சிவப்பாகத் தடிப்பு. தொட்டுப் பார்த்தால் நெற்றி சுட்டது.

"தம்பி மாமா பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிட்டுச்சும்மா. நாம எப்ப அங்க வருவோம்னு கேட்டுச்சு."

"நீ என்ன சொன்ன?"

"அப்பா வந்ததும் வருவோம்னு சொன்னேன்."

அவள் துடைப்பத்தை எடுத்தாள்.

தம்பி கேட்டதில் நியாயம் இருந்தது. மேட்டில் மூன்றாவது மாடியில் இருக்கிறான். ஓர் அறையைக் காலி செய்து வைத்துக்கொண்டு தினமும் கூப்பிடுகிறான். "அக்கா, நீ இருந்துக்கோ. குழந்தையையாவது அனுப்பு. அந்தத் தண்ணியில கிடந்தா அவ என்னத்துக்கு ஆவா?" என்று நேற்று அழாத குறையாகக் கேட்டான். குழந்தையைப் பிரிந்து அவளால் இருக்க முடியாது. வீட்டை விட்டும் போக முடியாது. அவர் வந்து கதவைத் தட்டினால் பதில் சொல்ல ஆள் வேண்டாமா?

அவர் என்பது அவள் புருஷன். நெடுநெடுவென்ற காலும் ஒட்டின வயிறுமாக இருப்பதால் கொக்கு என்றுதான் தெருவே கூப்பிடும். பாதாளச் சாக்கடையில் அடைப்பு எடுக்கிற வேலை. கூட்டாளியின் பெயர் குண்டு. மேன்ஹோலின் வாய்க்குள் குண்டு நுழைய மாட்டான் என்பதால் எப்போதும் கொக்குதான் இறங்குவான். குண்டு மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மேலே நிற்கிறவனுக்கு அந்த வேலையில் மேலாள் என்று பெயர். "ஆழம் தெரியாம காலை விடாதேன்னு ஊரெல்லாம் சொல்லும். எனக்கு மட்டும் ஆழம் தெரிஞ்சே காலை விடற பொழப்பு" என்று கொக்கு சொல்லிச் சிரிப்பான்.

அடியில் இருப்பவன் கத்தினால் மேலே கேட்காது. அதனால் இரும்பால் தட்டிப் பேசிக்கொள்வார்கள். கீழேயிருந்து இரண்டு தட்டு தட்டினால், "இருக்கியா?" மேலேயிருந்து ஒரு தட்டு, "இருக்கேன்." கீழேயிருந்து மூன்று தட்டினால், "தூக்கு." அவ்வளவுதான் அந்தப் பாஷை. ஆனால் அதற்கு ஒரு கட்டு உண்டு. இருக்கேன் என்று பதில் தட்டிவிட்டவன், கீழே இருப்பவன் வெளியே வரும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது. அதிகாரி கூப்பிட்டாலும் போகக் கூடாது, அப்பன் செத்தான் என்று ஆள் வந்தாலும் போகக் கூடாது.

வேலைப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கொக்கு சாயங்காலம் வந்தால் கதவில் இரண்டு தட்டு தட்டுவான். அவள் அடுப்படியில் இருந்தாலும் கையில் இருக்கிற கரண்டியால் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் கதவைத் திறக்க வருவாள். பாப்பாவுக்குப் பேச்சு வரும் முன்பே அந்தத் தட்டு வந்துவிட்டது.

மழைக்காலத்தின் தொடக்கத்தில் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் மேட்டிலிருந்து வெள்ளம் குழாய்க்குள் பாய்ந்தது. கொக்கு உள்ளே இருந்தான். குண்டு இழுத்த கயிறு வெறுமனே வந்தது. மேன்ஹோலின் பக்கத்திலேயே சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்திருந்த குண்டுவைப் போலீஸ்காரர்கள்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். கொக்குவின் உடம்பு கிடைக்கவில்லை.

உடம்பு கிடைக்காத சாவை எந்தப் பெண்சாதி நம்புவாள்?

அவள் கூடத்தைத் துடைத்து முடித்துக் குளியலறைக்கு வந்தபோது ஜாலிக்குள் தண்ணீர் களக் களக்கென்று கொப்பளித்தது. பிறகு அடங்கியது. குழாய்க்குள்ளிருந்து ஒரு நீண்ட மூச்சு வெளியே வந்தது. அந்த வாடை.

டக்.

டக்.

அவள் அப்படியே நின்றாள். சுவரோடு ஓடுகிற இரும்புக் குழாய் அதிர்ந்ததை அவள் கண் பார்த்தது.

டக். டக்.

பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷம் வந்தது. நெஞ்சு வெடித்துவிடுவது போலச் சந்தோஷம். அடுப்படிக்கு ஓடினாள், கைக்குக் கிடைத்த இரும்புக் கரண்டியை எடுத்து வந்தாள், ஈரத்தில் மண்டியிட்டுக் குழாயில் ஒரு தட்டு தட்டினாள்.

"இருக்கேங்க" என்று வாய்விட்டும் சொன்னாள்.

கீழே சத்தம் நின்றது. யாரோ நிம்மதியானது போல நின்றது.

அதன்பிறகு அவள் ஷிப்ட் முடிந்ததும் ஓட்டமாக ஓடி வந்தாள். தினமும் தட்டு வந்தது, தினமும் பதில் தட்டினாள். குண்டுவிடம் சொன்னாள். அவன் ஆபீசில் சொல்லி, உறிஞ்சுகிற லாரியைக் கொண்டுவந்து தெரு முழுக்க உறிஞ்சிப் பார்த்தான். சேறுதான் வந்தது. "அண்ணி, குழாய்க்குள்ள காத்து அடைச்சாலும் இப்படிச் சத்தம் வரும்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜாலியின் பக்கத்தில் உட்கார்ந்து, பாப்பா எழுதிய எழுத்து, கம்பெனியில் நடந்த சண்டை, தம்பி கூப்பிடுகிற சங்கதி எல்லாவற்றையும் குழாயிடம் சொன்னாள். பாப்பாவின் தடிப்பு தொடைவரைக்கும் ஏறியிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்று தள்ளிப் போட்டாள்.

"அம்மா, அது அப்பா இல்லைம்மா" என்றாள் பாப்பா ஒரு நாள்.

"வாயை மூடு."

"அப்பா டக்டக்னு வேகமாத் தட்டுவாரு. இவரு மெதுவாத் தட்டறாரு."

அடிக்கக் கையை ஓங்கிவிட்டாள். அடிக்கவில்லை. குழந்தை கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

அடுத்த வாரம் குண்டு கம்பெனி வாசலில் வந்து நின்றான். அவனைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணி, அண்ணன் கிடைச்சுட்டாருங்க."

ஊரின் மறு கோடியில் இருக்கிற பம்பிங் ஸ்டேஷனில், குப்பையைத் தடுக்கும் கம்பித் தடுப்புக்கு அடியில் கொக்கு கிடந்தான். சேற்றை வாரியபோதுதான் தெரிந்திருக்கிறது. முகம் அடையாளம் தெரியவில்லை. கால் தெரிந்தது. அவ்வளவு நீளக் கால் ஊரில் வேறு யாருக்கு இருக்கிறது? விழுந்த அன்றைக்கே உயிர் போயிருக்கும், வெள்ளம் ஒரே மூச்சில் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும் என்றார் டாக்டர். "கஷ்டப்பட்டிருக்க மாட்டாரும்மா" என்று ஆறுதலாகவும் சொன்னார்.

அன்றைக்கே அடக்கம் செய்தார்கள். அவள் அழுதாள். கயிறு வெறுமனே வந்த நாளில் அழாத அழுகையையும் சேர்த்து அழுதாள். பிறகு மறுபேச்சுப் பேசாமல் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு தம்பியின் வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடியில் காற்று வந்தது, வாடை இல்லை. பாப்பா நீண்ட நாளைக்குப் பிறகு காலைச் சொறியாமல் தூங்கினாள். இதைச் செய்ய இத்தனை நாள் ஆயிற்றே என்று அவளுக்கு மனசு அறுத்தது.

மறுநாள் மதியம், சாமான்களை எடுத்துவர குண்டுவைக் கூட்டிக்கொண்டு பள்ளத்து வீட்டுக்கு வந்தாள். வானம் மூடிக்கொண்டிருந்தது. குண்டு டிரங்குப் பெட்டியைத் தோளில் ஏற்றினான். அவள் பாப்பாவின் துணிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

டக்.

டக்.

மூட்டையின் முடிச்சு அவள் கையிலிருந்து நழுவியது.

குண்டு பெட்டியோடு அப்படியே நின்றான். அவன் வலது கை தானாக உயர்ந்து, சுவரில் தட்டுவதற்குப் போனது. இடது கையால் அதைப் பிடித்துக் கீழே இறக்கினான். வேலைக்காரன் கை, அவனைக் கேட்டா போகும்? பெட்டி தோளிலிருந்து சரிந்து தரையில் விழுந்தது.

"கேட்டுச்சா?" என்றாள் ரகசியமாக.

"கேட்டுச்சு அண்ணி."

"காத்தா?"

அவன் தலையை ஆட்டினான். இல்லை.

டக். டக். மெதுவாக, பொறுமையாக.

நேற்றுத்தான் மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்தார்கள். அவள் கையாலேயே மண் போட்டாள். அப்படியானால் இத்தனை நாளும் யாருக்குப் பதில் சொன்னாள்? யாரிடம் உட்கார்ந்து குழந்தையின் பேச்சைப் பேசினாள்? இப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

"நீங்க பதில் தட்டினீங்களா அண்ணி?"

"தினமும் தட்டினேன். அவருன்னு நெனச்சு."

குண்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"அப்ப நீங்கதான் மேலாள்."

"உள்ள யாரு?"

"நம்ம ஆளு யாரும் இறங்கலை. சத்தியமா இறங்கலை." குரலைத் தாழ்த்தினான். "இந்த லைன் போட்ட காலத்துலேருந்து எத்தனை பேரு போயிருக்காங்களோ. எங்கேருந்தோ கூலிக்கு வந்தவங்க. பேரு கூடக் கேட்டிருக்க மாட்டாங்க. வாங்க அண்ணி, விட்டுட்டுப் போயிடலாம்."

சொன்னானே தவிர, அவன் கால் நகரவில்லை. அவள் அந்தக் காலைப் பார்த்தாள்.

"நீ போவியா?"

அவன் குழாயைப் பார்த்தான்.

அப்போது குழாய் அதிர்ந்தது.

டக்.

டக்.

டக்.

தூக்கு.

குழந்தை காத்திருக்கிறது, கதவைச் சாத்திக்கொண்டு ஓடு என்று ஒரு மனசு சொன்னது. உள்ளே கிடப்பவனும் எவளோ ஒருத்தியின் புருஷன்தானே, அவளும் இப்படித்தானே கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்திருப்பாள் என்று இன்னொரு மனசு சொன்னது. இருக்கேன் என்று சொல்லிவிட்டு ஓடுவதா? கொக்கு இருந்திருந்தால் காறித் துப்பியிருப்பான்.

"கயிறு எங்க?" என்றாள்.

கொக்குவின் கயிறும் கடப்பாரையும் கிடந்த கொல்லைப்புறத்திலேயே மேன்ஹோல் இருந்தது. குண்டு கடப்பாரையால் மூடியை நெம்பினான். வாய் திறந்ததும் கெட்ட வாடை குப்பென்று வந்து, பிறகு ஆச்சரியமாக, இல்லாமல் போனது. உள்ளே கறுப்புத் தண்ணீர் கண்ணாடியைப் போல அசையாமல் நின்றது. மழைத் துளிகள் விழ ஆரம்பித்தன. தண்ணீரில் ஒரு துளி விழுந்த வட்டத்தைக்கூடக் காணோம்.

குண்டு கயிற்றின் நுனியில் இடுப்புக்கு மாட்டுகிற சுருக்கைப் போட்டுக் கீழே இறக்கினான்.

கயிறு தளர்ந்து கிடந்தது.

கிடந்தது.

விறைத்தது.

"அண்ணி, பிடிங்க!"

ஆள் கனம். சேறு கனமில்லை, கட்டை கனமில்லை. கால் உதைத்து, சுவரில் தொற்றி, மூச்சு வாங்கி ஏறுகிற ஓர் ஆளின் கனம். கயிற்றின் ஒவ்வோர் அசைவும் அவர்கள் உள்ளங்கைக்குத் தெரிந்தது. குண்டு பல்லைக் கடித்துக்கொண்டு, வழக்கமாகச் சொல்வதைப் போலவே, "வா, வா, வந்துட்ட, வா" என்று சொல்லிக்கொண்டே இழுத்தான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. தண்ணீருக்கு மேலே கயிறு மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. சுருக்கும் வந்தது. சுருக்குக்குள் யாரும் இல்லை. ஆனால் கனம் குறையவில்லை.

சுருக்கு மேன்ஹோலின் விளிம்புக்கு வந்ததும், கனம் சட்டென்று போய்விட்டது. ஏறினவன் காலைத் தூக்கிக் கரையில் வைத்தால் கயிறு தளருமே, அப்படி. இரண்டு பேரும் மல்லாக்க விழுந்தார்கள்.

சிமெண்டுத் தரையில் ஓர் ஈரப் பாதம் பதிந்தது.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது பதிந்தது. விரல் விரிந்த, செருப்பே அறியாத அகலப் பாதம். அது அடுப்படி வழியாக வீட்டுக்குள் போனது. அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். வெகுநேரம் கழித்து உள்ளே போய்ப் பார்த்தார்கள். தடம் கூடத்தில் பாப்பாவின் கட்டில் ஓரமாக வந்து நின்றிருந்தது. அங்கே மட்டும் தண்ணீர் நிறையச் சொட்டித் தேங்கியிருந்தது. பிறகு வாசலுக்குத் திரும்பி, மணல் மூட்டையைத் தாண்டி, தெருத் தண்ணீருக்குள் மறைந்துவிட்டது.

"போயிட்டான் அண்ணி" என்றான் குண்டு. நடுங்கிக்கொண்டே சிரித்தான். "பாவம், எத்தனை காலமோ. வீட்டுக்குப் போயிட்டான்."

அவளுக்கும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மூடியைப் போட்டார்கள். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு பெட்டியும் மூட்டையுமாகப் பஸ் ஸ்டாப்புக்கு வந்து சேர்ந்தபோது மழை வலுத்துவிட்டது. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல இருந்தது அவளுக்கு. நம்மால் ஆனதைச் செய்தோம், இனி நம் குழந்தையைப் பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு அண்ணி" என்றான் குண்டு பெட்டியின் மேல் உட்கார்ந்தபடி. "எந்த வீட்டுக்குப் போவான்? இத்தனை காலத்துக்கு அப்புறம் அவன் வீடுன்னு ஒண்ணு இருக்குமா?"

அவள் போன் அடித்தது. தம்பி பெண்டாட்டியின் நம்பர். பேசியது பாப்பா.

"அம்மா, எப்ப வருவ?"

"இதோ பஸ் ஏறப் போறேன் கண்ணு. அத்தை எங்க?"

"மொட்டை மாடியில துணி எடுக்கப் போயிருக்காங்க. அம்மா, யாரோ கதவைத் தட்டறாங்க."

"அத்தையா இருக்கும்."

"அத்தை பெல் அடிப்பாங்க. இது ரெண்டு தட்டு. மெதுவா."

மழைச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. குண்டு அவள் முகத்தைப் பார்த்து எழுந்து நின்றான்.

"பாப்பா, நல்லாக் கேளு. கதவைத் திறக்காத. பதில் தட்டாத. அம்மா சொல்றேன், தட்டவே தட்டாத."

"தட்டிட்டேனேம்மா" என்றாள் பாப்பா. அம்மாவுக்கு இது தெரியாதா என்பது போல மேலும் சொன்னாள். "நீ கம்பெனிக்குப் போனதும் நான்தானே தினமும் தட்டுவேன். எனக்கு அவரைத் தெரியும்."

போனை எங்கோ வைக்கிற சத்தம். ஸ்டூல் இழுபடும் சத்தம். தாழ்ப்பாள் விலகும் சத்தம். "பாப்பா! பாப்பா!" என்று இவள் தெருவில் நின்று அலறினாள். அந்தப் பக்கம் யாரும் கத்தவில்லை, யாரும் அழவில்லை. தரையில் தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. மூன்றாவது மாடியில், காய்ந்த தரையில், சொட்டுச் சொட்டாக.

பிறகு வீட்டுக்கு வந்தவர்களிடம் பேசுகிற மரியாதைக் குரலில் பாப்பா சொன்னாள்:

"இந்தாங்க மாமா துண்டு. முதல்ல தலையைத் துவட்டுங்க."